அம்மாவுக்குச் சாகாவரம்

சந்தையில் தைத்த சட்டை கிடைப்பதுபோல, செய்து முடித்த விளையாட்டும் விலைக்குக் கிடைக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. சின்னவளுக்கும் வேலை போன பிறகுதான் தெரிந்தது. கைபேசியில் விரலால் தட்டித் தட்டி விளையாடுகிறோமே, அதை இயக்குகிற சோர்ஸ் கோடு, அதாவது கம்ப்யூட்டருக்கு எழுதிவைத்த கட்டளைகள், முழுவதையும் மூட்டை கட்டி இணையத்தில் விற்கிறார்கள். டெம்ப்ளேட் என்று பெயர். ஒரே டெம்ப்ளேட்டை எத்தனை பேர் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கி, உள்ளே இருக்கிற படங்களையும் சத்தங்களையும் எடுத்துவிட்டு நம்முடையதை வைத்து, வேறு பெயர் சூட்டி, எல்லாரும் இறக்கிக்கொள்கிற ஸ்டோரில் ஏற்றிவிட வேண்டியதுதான். விளையாடுகிறவர்களுக்கு அவ்வப்போது விளம்பரம் காட்டும். அதில் நமக்கும் ஏதோ வரும். கேட்கும்போது கரும்பு தின்னக் கூலி மாதிரிதான் இருக்கும். தின்று பார்த்தவர்களைக் கேட்க வேண்டும்.

சின்னவள் என்பது வீட்டில் வைத்த பெயர். அக்காவுக்குப் பின்னால் பிறந்ததால் சின்னவள். மற்றபடி வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் கோடு எழுதிக்கொண்டிருந்தாள். கம்பெனி அந்தக் கிளையை மூடியபோது ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் நல்வாழ்த்தும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். பாட்டில் ஒழுகும். வாழ்த்தைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

அவள் வாங்கிய டெம்ப்ளேட்டில் முகமூடி வீரன் ஒருவன் கூரைக்குக் கூரை தாவி ஓடிக்கொண்டே இருப்பான். தங்கக் காசுகளைப் பொறுக்குவான். சுழலும் ரம்பத்தில் பட்டால் அவுட். சின்னவள் கறுப்பு முகமூடியைச் சிவப்பாக்கினாள், காசை வைரமாக்கினாள், ஏற்றினாள். இதே போன்ற விளையாட்டுகள் நிறைய இருக்கின்றன என்று ஸ்டோர் திருப்பி அனுப்பியது. வானத்தை அந்தி நேரமாக்கி மறுபடி ஏற்றினாள். மறுபடி திரும்பி வந்தது, கூடவே ஓர் எச்சரிக்கையும் வந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் அவளுடைய கணக்கையே மூடிவிடுவார்களாம். பிறகு எந்த விளையாட்டையும் அவள் பெயரில் ஏற்ற முடியாது. முதலுக்கே மோசம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா வந்தாள். அக்கா கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். ஓர் அச்சகத்தில் டிசைனர். டிசைனர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மருந்து டப்பாவுக்கு லேபிள், கடைகளுக்கு ரசீதுப் புத்தகம், அவ்வளவுதான். தங்கையின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இதான் உன் கேமா?"

"ஆமா."

"இதே மாதிரி நானே நாலு பார்த்திருக்கேன். ஸ்கூல் யூனிஃபார்ம்ல கலர் ரிப்பன் மட்டும் மாத்திக் கட்டிவிட்டா வேற பொண்ணாயிடுமா?"

சின்னவளுக்குச் சுருக்கென்றது. "சொல்றதுக்கு எல்லாருக்கும் வாய் இருக்கு. அப்ப நீயே வந்து வரையேன்."

கோபத்தில் சொன்ன சொல். அக்கா அதைக் காற்றில் விடாமல் பிடித்துக்கொண்டாள். மறுநாள் அச்சகத்தில் சம்பளமில்லாத விடுப்பு கேட்டு வாங்கிக்கொண்டு, பென்சிலும் தானுமாக வந்து நின்றாள். அச்சக முதலாளி ஒரு மாதம் கொடுத்திருந்தார். அந்த மாதம் முடிகிற திங்கட்கிழமை காலை ஆள் இருக்கையில் இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

சமையலறைக்குப் பக்கத்து அறையில், துணி மடிக்கிற மேசையைக் காலி செய்து, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சின்ன வயதில் ஒரே மேசையில் படித்தவர்கள். அக்கா வரையும்போது அவளை அறியாமல் மூக்கால் ஏதோ முனகுவாள். அதில் ராகம் இருக்காது, தாளம் இருக்காது, சந்தோஷம் மட்டும் இருக்கும். கல்யாணம், அச்சகம், ரசீதுப் புத்தகம் என்று போன வருஷங்களில் அந்த முனகல் எங்கேயோ காணாமல் போயிருந்தது. வந்த இரண்டாம் நாள், ஒரு நாயின் வாலை வரைந்துகொண்டிருந்தபோது அது திரும்பி வந்தது. சின்னவள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த அக்கா மறுபடி ரசீதுப் புத்தகத்துக்குள் போய்விடக் கூடாது என்று அந்த நிமிஷம் தோன்றியது. அதன் பிறகு அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. விளையாட்டு ஸ்டோரில் ஏற வேண்டும், கொஞ்சமாவது வருமானம் காட்ட வேண்டும். காட்டினால் அக்காவை இருக்கச் சொல்ல ஒரு முகாந்திரம் கிடைக்கும். இதை வாய்விட்டுச் சொல்வாளா என்றால் மாட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாலும் கடித்துக்கொள்வாள். அந்த வீட்டில் யாரும் யாரிடமும் இப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை.

முகமூடி வீரனுக்குப் பதில் யார் என்பதுதான் முதல் கேள்வி. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நான்காம் நாள் காலை, அக்கா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டு, "கிடைச்சாச்சு" என்றாள்.

தெருவில் அம்மா ஓடிக்கொண்டிருந்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். டாக்டர்களே அவள் வருகிறாள் என்றால் கையைக் கழுவிக்கொண்டு நிற்பார்கள். அப்பேர்ப்பட்டவள் பஸ்ஸுக்கு மட்டும் ஒரு நாளும் நேரத்துக்குக் கிளம்பியதில்லை. ஒரு கையில் பை, மறு கையில் டிபன் பாக்ஸ், கக்கத்தில் குடை, பல்லில் ஹேர்பின். அந்தக் கோலத்திலேயே அவளை அக்கா வரைந்தாள். ரம்பங்கள் போயின, சேற்றுக் குட்டை வந்தது, வழியில் படுத்துத் தூங்குகிற நாய் வந்தது, பிடித்தால் விடாமல் பேசுகிற எதிர்வீட்டுக்காரம்மா வந்தாள். தங்கக் காசுகளுக்குப் பதில் அம்மா தினமும் மறந்துவிட்டுப் போகிற கண்ணாடி, சாவிக்கொத்து, பேனா.

இந்தத் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. படத்தை மாற்றலாம், படத்தின் பெயரை மாற்றக் கூடாது. பழைய படம் எந்தப் பெயரில் இருந்ததோ அதே பெயரில் புதியதை வைத்தால்தான் கோடு அதை எடுத்துக்கொள்ளும். முகமூடி வீரனின் படத்துக்கு 'ஹீரோ' என்று பெயர். ஆகவே டிபன் பாக்ஸோடு அம்மாவும் 'ஹீரோ' என்ற பெயரில்தான் போய் உட்கார்ந்தாள். அதைச் சொன்னபோது அம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்ததாகத் தெரியவில்லை.

விளையாடிப் பார்க்க வெளியாள் ஒருவர் வேண்டும். அம்மாவைவிட நல்ல ஆள் ஏது? டியூட்டி முடிந்து வந்ததும் காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு அம்மா கைபேசியை வாங்கினாள். ஓடினாள், தாவினாள், குட்டையில் விழுந்தாள்.

"அவுட்னு போடுது."

"தண்ணில கால் வெச்சுட்டம்மா, அதான்."

"தண்ணில கால் வெச்சா வேலைக்குப் போக மாட்டாங்களா? நான் முழங்கால் தண்ணில போயிருக்கேன். போய் அன்னிக்கு ரெண்டு பிரசவம் பார்த்தேன்."

மறுபடி ஓடினாள். எதிர்வீட்டுக்காரம்மாவிடம் மாட்டினாள். மறுபடியும் அவுட்.

"இவகிட்ட மாட்டினா லேட்தான் ஆகும். அதுக்காக செத்தா போவாங்க?" என்றாள் அம்மா. மூன்றாவது முறை நாயை மிதித்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் அவுட்டா இல்லையான்னு சொல்ல இது யாரு? இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று எழுந்து போய்விட்டாள். அன்று இரவு சாப்பாட்டின்போது பாத்திரங்கள் சற்றுச் சத்தமாகவே வைக்கப்பட்டன.

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே. டெம்ப்ளேட்டில் அதற்கென்றே ஒரு சுவிட்ச் இருந்தது. அதைப் போட்டுவிட்டால் எதில் மோதினாலும் அவுட் ஆகாது. கடைசி வரை ஓடிப் படமெல்லாம் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சின்னவள் அதற்குச் சாகாவரம் என்று பெயர் வைத்தாள். அம்மாவுக்குச் சாகாவரம் கொடுக்கப்பட்டது. குட்டையில் கால் வைத்தால் சேறு தெறிக்கும், ஓட்டம் நிற்காது. நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் தூங்கும். எதிர்வீட்டுக்காரம்மா "அப்புறம்?" என்பாள், அக்காவின் குரல்தான் அது, அம்மா நிற்காமல் ஓடிவிடுவாள்.

"இப்பதான் கேம் நல்லா இருக்கு" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு டியூட்டி முடிந்து வந்தால் காபி குடிக்கிறாளோ இல்லையோ, கைபேசித் தெருவில் ஓர் ஓட்டம் ஓடிவிட்டுத்தான் மறுவேலை. ஓடும்போதே கண்டுபிடித்துச் சொல்வாள். "இந்தக் குடை ரொம்பச் சின்னது. ரெண்டாவது நாய்க்கு வால் இல்ல." அக்கா முனகிக்கொண்டே வால் வரைவாள்.

அம்மாவுக்கு ஒரு கோடும் ஸ்டோருக்கு ஒரு கோடும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். எந்தக் கம்பெனியிலும் அதுதான் முறை, சின்னவளுக்கும் அது தெரியும். ஆனால் இது வீடு. ஒரே கோடு, ஒரே மேசை. அக்காவின் விடுப்பு மாதத்தின் கடைசி வாரம் தொடங்கிய அன்று, பெயர், படம், சத்தம், எழுத்து என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, ஸ்டோரில் ஏற்றினாள். சாகாவரத்தை எடுக்க வேண்டும் என்பது மட்டும் அவள் நினைவிலேயே இல்லை. அம்மா சாகாமல் ஓடிக்கொண்டிருப்பது அந்த வீட்டில் அவ்வளவு இயல்பாகிவிட்டிருந்தது.

இரண்டு நாள் சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஸ்டோரிலிருந்து பதில் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவள் போட்ட சத்தத்தில் அக்காவின் பென்சில் முனை முறிந்தது. இருவரும் கட்டிக்கொண்டு குதித்ததில் மேசை ஆடியது; மடித்து வைத்திருந்த துணியெல்லாம் சரிந்தது. அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் வாசலில் நின்று, "என்னை ஊர் உலகம் பூரா ஓட விட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கும் பஸ்ஸுக்கு ஓடினாள்.

முதலில் ஆஸ்பத்திரி நர்ஸுகள் இறக்கிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து நோயாளிகள், நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள். பிறகு யார் எவர் என்றே தெரியாதவர்கள். எண்ணிக்கை மேலே போய்க்கொண்டே இருந்தது. ஒருத்தர் உட்கார்ந்தால் அரை மணி நேரம் எழுந்திருப்பதில்லை. சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வருமானப் பக்கத்தைத் திறந்தால் பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். கணக்கு இணைப்பில் கோளாறோ என்று பிரித்துப் பார்த்தாள், விளம்பரக் கம்பெனிக்கு எழுதினாள், அவர்கள் எல்லாம் சரியாக இருப்பதாகப் பதில் போட்டார்கள். சனிக்கிழமை வந்துவிட்டது. அக்காவின் விடுப்புக்கு மிச்சம் இருந்தது ஞாயிறு மட்டும்.

"எனக்கு ஒரு தடவைகூட விளம்பரமே வந்ததில்லையே" என்றாள் அம்மா, ஓடிக்கொண்டே. "நிம்மதியா இருக்கு."

சின்னவளின் கை அப்படியே நின்றது. இந்த டெம்ப்ளேட்டில் விளம்பரம் எப்போது வரும்? அவுட் ஆனதும் வரும். அவுட்டே ஆகாத விளையாட்டில் எப்படி வரும்? உலகத்தில் இத்தனை பேர் சாகாவரம் வாங்கிக்கொண்டு, ஒரு விளம்பரத்தையும் பார்க்காமல், ஜாம் ஜாமென்று ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் சொன்னதைக் கேட்டு அக்கா முதலில் முழித்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரே ஒரு வார்த்தையை மாத்தினாப் போதும்" என்று லேப்டாப்பை இழுத்தாள். "சாகாவரத்தை எடுத்துட்டு உடனே ஏத்திடறேன்."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரம்மா கைபேசியை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். "இது யாரு?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினாள்.

"என் மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு? சரி, போகட்டும். நான் யாரையும் அவுட் ஆக்கலையே, 'அப்புறம்'னு கேக்கறேன், அவ்வளவுதானே. அதனால விடறேன். ஆக்கியிருந்தா நடந்திருக்கிறதே வேற." உட்கார்ந்து, ஒரு காபியும் குடித்து, அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் போனாள்.

அவள் தலை மறைந்ததும் சின்னவள் மறுபடி லேப்டாப்பைத் தொட்டாள். இந்த முறை அம்மா தடுத்தாள். "இரு. இதைப் படி." ஸ்டோரில் யாரோ எழுதியிருந்த கருத்து. காலில் ஆபரேஷன் ஆகி மாதக் கணக்கில் படுத்திருக்கிறாராம். ஊர் பேர் தெரியாத ஒருத்தர். இந்த அம்மாவோடு தினமும் தெருவில் ஓடுகிறேன், விழுந்தாலும் பரவாயில்லை என்று விடுகிறாள், நன்றி என்று எழுதியிருந்தார்.

"என் வார்டுல இந்த மாதிரி எத்தனை பேரைப் பாக்கறேன்" என்றாள் அம்மா. "இவர்கிட்டப் போய் அவுட்னு சொல்லப் போறியா? நான் சம்மதிக்க மாட்டேன். என் படம்தானே அது."

சின்னவளுக்கும் மனசு இளகிவிட்டது, அதுதான் வம்பு. அவுட் வைக்கவும் மனமில்லை, வைக்காமல் வருமானமுமில்லை, நாளை மறுநாள் திங்கட்கிழமை. கண்ணைக் காட்டாமல் இருக்க லேப்டாப் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

"அது சரி" என்றாள் அம்மா, மறுபடி ஓடத் தொடங்கி. "இவ்வளவு ஓடறேன், பஸ்ஸு மட்டும் வரவே மாட்டேங்குதே."

அக்கா தாளை இழுத்தாள். ஒரு பஸ்ஸை வரைந்தாள். திரையின் மூலையில் ஒரு சின்னப் பொத்தானாக அதை வைக்கலாம் என்றாள். எப்போது வேண்டாம் என்று தோன்றுகிறதோ அப்போது ஆடுகிறவரே அதைத் தொடட்டும். தொட்டால் பஸ் வந்து நிற்கும். அம்மா ஏறி, ஜன்னலோர இடம் பிடித்து, கையாட்டுவாள். எத்தனை சாவி, எத்தனை கண்ணாடி என்று கணக்குச் சொல்லும். அதற்குப் பிறகு விளம்பரம்.

"விளம்பரம் வரும்னு தெரிஞ்சும் தொடுவாங்களா?" என்றாள் சின்னவள்.

"ஹோட்டல்ல சாப்பிட்டு முடிச்சதும் பில் வந்தா யாரும் கோவிச்சுக்கறதில்ல" என்றாள் அம்மா. "வாயில வெச்ச சோத்தைப் புடுங்கிட்டு பில்லை நீட்டினாத்தான் கோவம் வரும்."

அன்று மதியம் முழுவதும் அக்கா பஸ்ஸை வரைந்தாள், சின்னவள் அதை ஓட வைத்தாள். டெம்ப்ளேட் எழுதியவன் கனவிலும் நினைக்காத வேலை அது. அவன் கோட்டுக்குள் ஒரு பஸ்ஸை நுழைக்க இடம் தேடுவதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் ஏற்றிவிட்டாள். ஏற்கெனவே ஏறிய விளையாட்டில் திருத்தம் மட்டும்தான் என்பதால் ஞாயிறு மதியமே ஸ்டோர் ஒப்புதல் கொடுத்தது. சாயங்காலம் வருமானப் பக்கத்தைத் திறந்தபோது பூஜ்யம் போயிருந்தது. வந்திருந்ததில் ஒரு டீகூட வாங்க முடியாது. ஆனால் பக்கத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எண் மாறியது. எங்கெங்கோ யார் யாரோ ஓடி முடித்து, தாங்களே பஸ்ஸைக் கூப்பிட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

சின்னவள் நாற்காலி கவிழ எழுந்தாள். "அக்கா, இப்பவே முதலாளிக்குப் போன் பண்ணு. நாளைக்கு வரலைன்னு சொல்லு."

அக்கா எதையோ வரைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எதுக்கு?"

"எதுக்கா? நாளைக்குத் திங்கக்கிழமை. வேற ஆளைப் போட்டுருவாரு."

"அதெல்லாம் எப்பவோ போட்டாச்சு. வேலையை விட்டுடறேன்னு சொல்லி ரெண்டு வாரமாச்சு."

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்குத் தெரியும்" என்றாள். எதிர்வீட்டுக்காரம்மா காதில் எந்த விஷயமும் போகாமல் இருந்ததில்லை என்றால் அதற்குப் பாதிக் காரணம் அம்மாதான். அப்படிப்பட்ட அம்மா இதை இரண்டு வாரம் வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள்.

"ரெண்டு வாரம் முன்னாடி கேம் ஏறுமான்னே தெரியாதே."

"தெரியாதுதான். அம்மா பாத்திரத்தை நங்கு நங்குன்னு வெச்சாளே, அதுக்கு மறுநாள் போய்ச் சொன்னேன். உங்க மாமாகிட்டயும் கேட்டுட்டேன். இதுக்கு மேல என்னால ரசீதுக்குக் கோடு போட முடியாதுன்னு தோணிச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல? நான் எப்படித் தவிச்சேன் தெரியுமா?"

அக்கா இப்போதுதான் நிமிர்ந்தாள். "நீ இருன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. வேலை முடிஞ்சதும், சரிக்கா, தேங்க்ஸ், போயிட்டு வான்னு அனுப்பிடுவியோன்னு நானும்தான் பயந்துக்கிட்டிருந்தேன். நீயாச் சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு ஒரு ரோஷம்."

சின்னவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லுக்குப் பதில் அழுகை வந்தது. அதோடு சிரிப்பும் வந்து, எது எதென்று தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். "இரு, அக்கா" என்றாள் கடைசியில். "நீ போகவே கூடாது."

"இதைச் சொல்றதுக்கு ஒரு மாசம்" என்றாள் அம்மா.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் தங்கை பக்கம் திருப்பினாள். திரையில் டெம்ப்ளேட் கடை திறந்திருந்தது. யாரோ ஒருவன் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். "உக்காரு. இதுல யாரை வைக்கலாம்னு சொல்லு."

சின்னவள் கவிழ்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, அக்காவுக்கு எதிரே வைக்காமல், பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.